தரை தட்டிய தாத்தா

ஹூஸ்டனில் குடியேறுகிற எவருக்கும், சொந்தத் தாத்தா ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவராகவே இருந்தாலும், இரண்டு உலகப் போர்களிலும் கடற்படையில் இருந்த தாத்தா ஒருவர் இலவச இணைப்பாகக் கிடைத்துவிடுகிறார். வயது நூற்றுப் பத்துக்கு மேல். நீளம் 573 அடி. எடை 27,000 டன். பெயர் யூஎஸ்எஸ் டெக்சாஸ். பேட்டில்ஷிப் வகைப் போர்க்கப்பல்களில் இரண்டு உலகப் போர்களிலும் சேவகம் செய்துவிட்டு இன்றும் மிச்சமிருப்பது இவர் ஒருவர்தான்.

கப்பல் ஹூஸ்டன் பக்கம் நின்ற காலத்தில், ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாத விசாவில் வந்தால் முதல் வாரம் நாசா, இரண்டாம் வாரம் பேர்லண்ட் மீனாட்சி கோயில், மூன்றாம் வாரம் வேறு போக்கிடம் இல்லாமல் இந்தக் கப்பல். இப்படித்தான் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அவருடைய அறிமுகம். அங்கே மாட்டியிருந்த பலகைகளைப் படித்தால் பிறந்ததிலிருந்து வீரத்தைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் என்று தோன்றும். நம் வீட்டுத் தாத்தாக்களின் கதையும் கூடத்தில் மாட்டிய போட்டோவைப் பார்த்துச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். கொல்லைப்புறத்தில் பாட்டி சொல்கிற கதை வேறு. நான் சொல்லப்போவது பாட்டி வகை.

தாத்தா பிறந்தது டெக்சாஸில் இல்லை, வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில். 1911 ஏப்ரலில் அடிக்கட்டை போட்டார்கள். 1912 மே 18 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். டைட்டானிக் மூழ்கி ஒரு மாதமும் கொஞ்ச நாளும்தான் ஆகியிருந்தது. நம் ஊராக இருந்தால் நாள் சரியில்லை என்று யாராவது தடுத்திருப்பார்கள். அமெரிக்கர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1914 மார்ச் 12 அன்று கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்த அன்றே அவர் கொஞ்சம் பழைய ஆள். பிரிட்டிஷ்காரர்கள் 1906லேயே தங்கள் டிரெட்நாட் கப்பலில் டர்பைன் வைத்துவிட்டார்கள். அமெரிக்கர்களும் டெக்சாஸுக்கு முந்தைய கப்பல்களில் டர்பைன் வைத்தவர்கள்தான். ஆனால் கடற்படை கேட்ட தரத்துக்கு டர்பைன் செய்து தர உற்பத்தியாளர்கள் மசியவில்லை. போங்கடா என்று கடற்படை மறுபடியும் பழைய பிஸ்டன் நீராவி இயந்திரத்துக்கே போய்விட்டது. அண்ணன் மோட்டார் சைக்கிளில் போக, தம்பிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த கதை. இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் அந்த இயந்திரத்தை இப்போது பொறியியல் அதிசயம் என்று காட்டுகிறார்கள். பிடிவாதம் நூறு வருஷம் தாக்குப்பிடித்தால் அதிசயம் ஆகிவிடுகிறது.

அடுத்த கூத்து எரிபொருள். 1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டு அடித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த மாநிலத்தின் பெயரைச் சூட்டிய கப்பலுக்குப் போட்டது நிலக்கரி. பதினான்கு பாய்லர்கள். கரி ஏற்றும் நாளில் மாலுமிகள் பல் மட்டும் தெரிகிற நிறத்துக்கு மாறிவிடுவார்கள்.

சேர்ந்த இரண்டே மாதத்தில் முதல் சண்டைக்கு அழைப்பு. மெக்சிகோவின் தாம்பிகோவில் எரிபொருள் வாங்கப் போன சில அமெரிக்க மாலுமிகளை உள்ளூர்ப் படையினர் பிடித்து, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். போதாது, எங்கள் கொடிக்கு 21 குண்டு மரியாதை போடு என்றார் அமெரிக்க அட்மிரல். மாட்டேன் என்றார்கள். 21 வெடி பாக்கிக்காக வேராக்ரூஸ் துறைமுகத்தையே பிடித்துக்கொண்டது அமெரிக்கா. புதுக் கப்பலை வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்குக்கூட நேரம் கொடுக்காமல் தாத்தாவை அனுப்பினார்கள். மே கடைசியில் போய்ச் சேரும்போது சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார். தாலி கட்டியபின் வந்து, பந்தி முடியும்வரை இருந்துவிட்டுப் போகும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

இதற்கிடையில் மாலுமிகளின் வயிற்றில் இன்னொரு அடி. கடற்படைச் செயலாளர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் 1914 ஜூலை 1 முதல் கப்பல்களில் மது கூடாது என்று உத்தரவு போட்டார். அதாவது தாத்தா பணியில் சேர்ந்து நாலு மாதத்துக்குள் ஊரே வறண்டுவிட்டது.

அந்த வருஷம் என் சொந்தத் தாத்தாவுக்கும் கடற்படை அனுபவம் வாய்த்தது. அவருக்கு எட்டு வயது, வீடு சென்னை ஜார்ஜ் டவுன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலையும் அடித்துவிட்டு, அரைமணி நேரத்தில் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து சென்னை மூட்டை கட்டியது. என் கொள்ளுத்தாத்தா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போனார். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்துவைத்தது. அதற்கப்புறமும் கொள்ளுத்தாத்தா பொங்கல்வரை நகரவில்லை. ஒரு எம்டன் போனால் இன்னொரு எம்டன் வராதா என்பது அவர் வாதம். ஆக, என் தாத்தா முதல் உலகப் போரில் கடலுக்கு எதிர்த்திசையில் பணியாற்றினார்.

டெக்சாஸ் தாத்தா அதைவிடப் பெரிதாக எதுவும் கிழித்துவிடவில்லை.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. அதே மாதம் 19ஆம் தேதி மங்கோலியா என்ற வணிகக் கப்பலிலிருந்து ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைச் சுட்டு விரட்டினார்கள். அந்தப் போரில் அமெரிக்கர்கள் சுட்ட முதல் குண்டு அது என்று சொல்வதுண்டு. சுட்டவர்கள் டெக்சாஸில் பயிற்சி பெற்ற பையன்கள். ஆகவே முதல் குண்டின் பெருமை தாத்தாவுக்கு என்கிறது பலகை. பையன் பக்கத்து ஊரில் போய்ப் பரிசு வாங்கினால் வாத்தியார் துண்டு போட்டுக்கொள்வார் இல்லையா, அந்தக் கணக்கு.

செப்டம்பர் கடைசியில் ஐரோப்பா போக எல்லாம் தயார். விடிவதற்கு முன் லாங் ஐலண்ட் பக்கம் வந்துகொண்டிருக்கிறார். எதிரி வராமல் இருக்க அமெரிக்கர்களே கண்ணிவெடி விதைத்து, நடுவில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியைத் தேடுகிற பதற்றத்தில் கரையில் தெரிந்த விளக்கை வேறு விளக்கு என்று நினைத்துத் திருப்ப, தாத்தா நேராகப் போய் பிளாக் ஐலண்டில் ஏறிவிட்டார். அடித்தது ஜெர்மானியன் இல்லை, ரோட் ஐலண்டுக்குச் சொந்தமான, கோடையில் ஜனங்கள் குளிக்கப் போகிற தீவு. மூன்று நாள் அசையவில்லை. கரி, குண்டு என்று கனமானதையெல்லாம் இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் இழுவைப் படகுகள் வந்து உருவி எடுத்தன. வயிறு கிழிந்திருந்தது. கூட்டாளிக் கப்பல்கள் நவம்பரில் ஐரோப்பாவுக்குக் கிளம்ப, இவர் நியூயார்க்கில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பலகைகளில் இந்தத் தகவலைத் தேடிப் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

1918 பிப்ரவரியில் ஒருவழியாக ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோவில் பிரிட்டிஷ் கடற்படையோடு சேர்ந்தார். அவரைக் கூப்பிட்ட காரணத்தைக் கேளுங்கள். அமெரிக்காவிடம் எண்ணெயில் ஓடும் புதுப் போர்க்கப்பல்கள் இருந்தன. பிரிட்டனில் எண்ணெய்த் தட்டுப்பாடு, கரிக்குப் பஞ்சமில்லை. அதனால் கரி தின்கிற பழைய கப்பல்களாகப் பார்த்து அனுப்புங்கள் என்றார்கள். புது மாப்பிள்ளைகள் வீட்டிலிருக்க, ராகிக் களி சாப்பிடத் தெரியும் என்ற ஒரே தகுதியில் தாத்தா சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

ஸ்காபா ஃப்ளோ என்பது மழை, காற்று, ஆடு. மாலுமிகளுக்கு அதைவிடப் பெரிய வேதனை பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் கப்பல்கள். அங்கே தினமும் ரம் ஊற்றினார்கள், 1970 ஜூலை வரைக்கும் ஊற்றினார்கள். டேனியல்ஸ் புண்ணியத்தில் நம்மாட்கள் காப்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேச நாடுகளின் ஒற்றுமைக்கு இதைவிடக் கடுமையான சோதனை வந்திருக்காது.

ஏப்ரல் 24 அன்று ஜெர்மன் கடற்படை வெளியே வந்துவிட்டது என்று தகவல். எல்லோரும் ஓடினார்கள். முன்னால் போனவர்களுக்கு மறுநாள் தொடுவானத்தில் ஏதோ தெரிந்தது. எட்டாத தூரம். திரும்பினார்கள். பெரிய கடற்போரில் தாத்தாவின் பங்கு அவ்வளவுதான். நவம்பர் 21 அன்று ஏறத்தாழ 70 ஜெர்மன் கப்பல்கள் வரிசையாக வந்து சரணடைந்தபோது மட்டும் தாத்தா கூட்டத்தில் கம்பீரமாக நின்றார். டிசம்பரில், சமாதானம் பேச வந்த அதிபர் வில்சனின் கப்பலுக்கு பிரெஸ்ட் துறைமுகம்வரை துணை போனார். வேராக்ரூஸில் கற்ற பாடம், முடிகிற நேரத்தில் போய் நிற்பது.

இடைப்பட்ட இருபது வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1919 மார்ச்சில் குவாண்டனாமோவில் பீரங்கிக் கூண்டின் மேல் பலகை அடித்து, அதிலிருந்து எட்வர்ட் மெக்டானல் என்பவர் ஒரு பிரிட்டிஷ் சாப்வித் கேமல் விமானத்தைக் கிளப்பினார். அமெரிக்க பேட்டில்ஷிப் ஒன்றிலிருந்து கிளம்பிய முதல் விமானம் அது. தாத்தா இனத்தைப் பூண்டோடு ஒழிக்கப்போவது விமானம்தான். அதற்கு முதல் தோள் கொடுத்தவரும் தாத்தாதான். 1925-26இல் நார்ஃபோக்கில் பெரிய ஆபரேஷன்: கரி அடுப்பை எடுத்துவிட்டு எண்ணெய் அடுப்பு வைத்தார்கள், டார்பிடோ அடித்தால் தாங்க இரு விலாவிலும் வெற்றறைகள் ஒட்டினார்கள். இடுப்பு பெருத்தது, வேகம் குறைந்தது. ஐம்பது வயதில் எல்லோருக்கும் நடப்பது இவருக்குப் பன்னிரண்டிலேயே நடந்தது. 1928 ஜனவரியில் அதிபர் கூலிட்ஜை ஹவானா மாநாட்டுக்குச் சுமந்து போனார். அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு, ஹவானாவோ அதிலிருந்து தப்பிக்கிறவர்கள் போகிற ஊர். வாயே திறக்காத அதிபர், சொட்டு மது இல்லாத கப்பல். போகும் வழியெல்லாம் எவ்வளவு கலகலப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அவரைக் காப்பாற்றியது பீரங்கியும் இல்லை, கவசமும் இல்லை. விவரம் தெரியாமை. 1941 ஜூனில், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம், அட்லாண்டிக்கில் யூ-203 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இவரைப் பார்த்துவிட்டது. அடிக்கலாமா என்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே பல மணி நேரம் பின்னாலேயே வந்தது. தாத்தா வளைந்து வளைந்து போனார். காற்றும் அலையும் வேறு. குறி அமையவில்லை. அமெரிக்கக் கப்பலைத் தொடாதே என்று ஹிட்லரிடமிருந்தே பிறகு உத்தரவு வந்தது. இவ்வளவும் நடந்தது கப்பலில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. சாலையைக் கடக்கும்போது பின்னால் லாரி பிரேக் போட்டதைக் கவனிக்காமல் வெற்றிலை மென்றுகொண்டே போகிற பெரியவர்களைக் கடவுள் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது தாத்தா அங்கிருந்து நாட்டின் நேர் எதிர்மூலையில், மெய்ன் மாநிலத்தின் காஸ்கோ விரிகுடாவில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷம் கழித்து 2001இல் வெளிவந்த 'பேர்ல் ஹார்பர்' சினிமாவில் மட்டும் சரியாக ஆஜரானார். சில காட்சிகளை இவர் மேல்தான் எடுத்தார்கள். நிஜத்தில் வராதவருக்குப் படத்தில் வேஷம்.

1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கப் படையெடுப்பு. மொராக்கோ கரையோரம் நின்று சுட்டதோடு, ஐசன்ஹோவரின் அறிவிப்பையும் பிரெஞ்சில் ரேடியோவில் ஒலிபரப்பினார். கப்பலில் ஒரு இளம் நிருபர், பெயர் வால்டர் கிரான்கைட், ஹூஸ்டனில் வளர்ந்தவர். திரும்புகிற வழியில், போட்டி நிருபர் வேறொரு கப்பலில் தனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கரை விமான தூரத்துக்குள் வந்ததும் கப்பலின் கடல் விமானத்தில் தன்னை ஏற்றி உண்டிவில் மாதிரி வீசச் சொல்லி, நார்ஃபோக்கில் இறங்கி, நியூயார்க்குக்குப் பறந்து செய்தியை முதலில் கொடுத்துவிட்டார். பிற்பாடு அமெரிக்காவே நம்பிய டிவி செய்தியாளர் ஆனார். அவருடைய வாழ்க்கையைத் தாத்தாதான் கையால் எடுத்து எறிந்து தொடங்கிவைத்தார்.

அந்த வருஷம் என் தாத்தாவும் மீண்டும் களத்தில் இறங்கியிருந்தார். ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட, அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நடுங்கியது. அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடுமே என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். அந்தப் போரில் சென்னை வீழ்த்திய பெரிய எதிரிகள் அவைதான். முப்பத்தாறு வயதுத் தாத்தா, எட்டு வயதில் போன அதே செங்கல்பட்டுப் பாதையில், இந்த முறை வழி கேட்காமல் போனார். ஜப்பான் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து இரண்டு மூன்று குண்டைப் போட்டுவிட்டுப் போனது. அப்போது தாத்தா ஊருக்குத் திரும்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, நார்மண்டி. 1944 ஜூன் 6, காலை 5.50. பாயிண்ட் து ஹாக் என்ற செங்குத்துப் பாறைமேல் ஜெர்மானியர்களின் பெரிய பீரங்கிகள் இருப்பதாகத் தகவல். தாத்தாவின் பத்து 14 அங்குலப் பீரங்கிகளும் திரும்பின. 34 நிமிஷத்தில் 255 குண்டு, ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல். அமெரிக்க ரேஞ்சர்கள் கயிறு பிடித்து, மேலேயிருந்து சுடச்சுட, செத்து விழ விழ ஏறிப் போய்ப் பார்த்தால் பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் மரக் கம்பம் நட்டு வைத்திருந்தான். நிஜப் பீரங்கிகளை எப்போதோ உள்ளே தோட்டப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தான். ரேஞ்சர்கள் தேடிப் போய் அவற்றை நாசம் செய்தார்கள். 255 குண்டும் வீண் என்று சொல்ல முடியாது. அடித்த அடியில் பாறை சரிந்து கீழே குவிந்ததால் ஏற வேண்டிய உயரம் கொஞ்சம் குறைந்தது. தாத்தா ஏணி போட்டுக் கொடுத்தார், அரை டன் அரை டன்னாக.

ஜூன் 15 அன்று செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சண்டை உள்நாட்டுக்குள் நகர்ந்துவிட்டது. எதிரி எட்டாத தூரம். தாத்தாவின் பீரங்கிகள் 15 டிகிரிக்கு மேல் தலை தூக்காது. புதுக் கப்பல்கள் 30, 40 என்று தூக்கும். யாருக்கு வந்த யோசனையோ, 1925இல் வலது விலாவில் ஒட்டிய வெற்றறைகளில் கடல் தண்ணீரை வேண்டுமென்றே நிரப்பினார்கள். கப்பல் அந்தப் பக்கம் இரண்டு டிகிரி சாய, எதிர்ப்பக்கம் உயர்ந்தது. பீரங்கி இரண்டு டிகிரி கூடுதலாக நிமிர்ந்தது. சுட்டார்கள், போய் விழுந்தது. கழுத்து வளையாத தாத்தா இடுப்பை வளைத்துப் பார்த்த இந்தக் காரியத்துக்கு மட்டும் நான் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றுக்கும் நிறுத்த வேண்டும். ஜூன் 25, ஷெர்போர்க். 'ஹாம்பர்க்' என்று பெயரிட்ட கரையோர ஜெர்மன் பீரங்கித் தளத்தோடு நேருக்கு நேர். ஒரு 240 மில்லிமீட்டர் குண்டு கப்பலின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மேல் வழுக்கி, மேல்தளத்தின் கீழே வெடித்தது. பலருக்குக் காயம். சுக்கான் பிடித்திருந்த கிறிஸ்டன் கிறிஸ்டன்சன் இறந்தார். கேப்டன் சார்லஸ் பேக்கர் அதே இடத்தில் நின்றும் கீறல் இல்லாமல் தப்பினார். இரண்டு உலகப் போர்களிலும் எதிரியின் கையால் இந்தக் கப்பலில் போன உயிர் கிறிஸ்டன்சன் ஒருவர்தான்.

அன்று இன்னொரு குண்டு இடதுபக்க முகப்பைப் பொத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒரு அதிகாரியின் தூங்கும் அறையில் வெடிக்காமல் படுத்துக்கொண்டது. சண்டை மும்முரத்தில் முதலில் அதை யாரும் கவனிக்கவே இல்லை. பிறகு மருந்தை எடுத்துவிட்டு ஞாபகார்த்தமாகக் கப்பலுக்கே கொடுத்துவிட்டார்கள். என் அம்மா கப்பலைப் பார்க்க வந்தபோது, பத்துப் பீரங்கியையும் தாண்டி நடந்து, அந்தக் குண்டின் முன்னால்தான் நின்றார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "வெடிக்காத குண்டையா இவ்வளவு வருஷம் துடைச்சு வெச்சிருக்காங்க?" என்றார். பிறகு மாலுமிகள் தூங்கும் இடத்துக்குப் போனோம். சங்கிலியில் தொங்கும் படுக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று. மேல் படுக்கைக்காரன் புரண்டால் கீழ்ப் படுக்கைக்காரனின் மூக்கில் இடிக்கும் இடைவெளி. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏணியில் பின்பக்கமாக இறங்கினபடி, "இதுல ஆயிரத்தெண்ணூறு பேரா? கல்யாணச் சத்திரமே தேவலை" என்றார்.

அப்புறம் தெற்கு பிரான்ஸ், இவோ ஜிமா, ஒகினாவா. ஒகினாவாவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் கரையைச் சுட்டுக்கொண்டே, மேலிருந்து விழும் காமிகாஸி விமானங்களையும் பார்த்துக்கொண்டார். போர் முடிந்ததும் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்கு மூன்று நடை சிப்பாய்களை ஏற்றி இறக்கினார். கடைசியில் டவுன் பஸ்.

என் உறவினர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் மரியாதை கிடைப்பதில்லை. நியூஜெர்ஸி எடிசனில் இருக்கும் சித்தப்பா மகன், எங்கள் கேம்டனில் நிற்கும் யூஎஸ்எஸ் நியூஜெர்ஸிக்கு ஒன்பது 16 அங்குலப் பீரங்கி, வியட்நாம் வரை போயிருக்கிறது, உங்களுடையது என்ன 14தானே என்கிறான். பே ஏரியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கும் அத்தை மகள், எங்கள் அலமீடாவில் நிற்கும் ஹார்னெட்தான் நிலவுக்குப் போய்விட்டு வந்தவர்களைக் கடலிலிருந்து தூக்கியது, 1969 தெரியுமா என்கிறாள். எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. அவர்கள் தாத்தாக்கள் பிறந்ததே 1940களில். எங்கள் தாத்தா தரை தட்டியபோது அவை இரும்புத் தாதுவாக மண்ணுக்குள் இருந்தன.

1948 ஏப்ரல் 21 அன்று ஓய்வு. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சான் ஜசிந்தோ போர்க்களத்தின் ஓரம் கொண்டுவந்து கட்டினார்கள். 1836இல் அதே தேதியில், மதியத் தூக்கத்திலிருந்த மெக்சிகோப் படையைப் பதினெட்டு நிமிஷத்தில் முடித்து டெக்சாஸ் சுதந்திரம் வாங்கிய இடம் அது. தூக்கத்தின் அருமை தெரிந்த மண். டெக்சாஸ் கடற்படையின் கொடிக்கப்பல் என்ற பதவியும் கொடுத்தார்கள். அப்படி ஒரு கடற்படை 1840களுக்குப் பிறகு கிடையாது. ஆனால் மாநில ஆளுநர் தனக்கு வேண்டியவர்களுக்கு 'டெக்சாஸ் கடற்படை அட்மிரல்' பட்டம் இன்றும் கொடுக்கிறார். கப்பல் ஒன்று, அட்மிரல்கள் ஏராளம். நம் ஊர்க் கட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இளமையெல்லாம் கரி தின்றவருக்கு முதுமையில் நாலு பக்கமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. டீர் பார்க், பேடவுன், பசடேனா என்று காற்று வீசும் திசைக்கு ஒரு வாசனை. அதைவிடத் தொல்லை, பராமரிப்பு. 1968இல் மரத் தளம் உளுத்துவிட்டது என்று அதன்மேல் சிமெண்ட் கான்கிரீட் போட்டார்கள். கப்பலுக்கு மொட்டை மாடி! எந்தக் கொத்தனாரின் யோசனையோ. விரிசல் விட்டது, மழை உள்ளே இறங்கியது. நாற்பது வருஷம் சேற்றில் உட்கார்ந்தவரை 1988 டிசம்பரில் ரிப்பேருக்கு இழுக்க ஆறு இழுவைப் படகுகள் திணறின. பிளாக் ஐலண்ட் பழக்கம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். பிறகும் துரு விடவில்லை. ஒரு கட்டத்தில் நிமிஷத்துக்கு இரண்டாயிரம் கேலன் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் பிடித்தால் ஒரு மெட்ரோ வாட்டர் லாரி நிரம்பும். சென்னையில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருப்போம், இங்கே பம்பு வைத்து வெளியே இறைத்தார்கள். இரண்டு போர்களிலும் ஜெர்மனியும் ஜப்பானும் செய்ய முடியாததை உப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

2019இல் மாநில சட்டசபை மூன்றரைக் கோடி டாலர் ஒதுக்கியது. கூடவே ஒரு நிபந்தனை: ரிப்பேருக்குப் போகிறவர் இந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது, கூட்டம் வருகிற ஊராகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்ட் 31 அன்று விடியற்காலையில் நாலு இழுவைப் படகுகள் அவரை மெதுவாகக் கால்வாய் வழியே கால்வெஸ்டனுக்கு இட்டுச் சென்றன. கரையெல்லாம் ஜனம், கையசைப்பு, கண்ணீர். டிரை டாக்கில் அடிவயிற்றுத் தகடுகளை மாற்றி, 2024 மார்ச்சில் மறுபடி தண்ணீரில் விட்டார்கள். எங்கே குடிவைப்பது என்பதுதான் நெடுநாள் தீரவில்லை. கால்வெஸ்டனில் ஒரு துறையைச் சொன்னார்கள். பக்கத்தில் உணவகம் வைத்திருப்பவர்கள் தரப்பிலிருந்து, வந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கடல் தெரியாமல் மறைக்கும் என்று ஆட்சேபம். வேறு துறை என்றார்கள். அங்கே வேறு கணக்கு. எல்லோருக்கும் தாத்தா மேல் உயிர். எல்லோருக்கும் வீட்டில் இடம் மட்டும் கொஞ்சம் நெருக்கடி.

அந்த நாட்களில் அம்மா கும்பகோணத்திலிருந்து போன் செய்தபோதெல்லாம் விசாரிப்பார்.

"ஏம்ப்பா, அந்தக் கப்பலுக்கு இடம் கிடைச்சுதா?"

"இன்னும் பேசிட்டிருக்காங்கம்மா."

"அந்த ஊர்ல மொத்தம் எத்தனை ஜனம்?"

"டெக்சாஸ்லயா? மூணு கோடி இருக்கும்."

"மூணு கோடிப் பிள்ளைங்களா? அப்ப கஷ்டம்தான். ஒரே பிள்ளையா இருந்தாத் தலையெழுத்தேன்னு வெச்சுக்குவான்."